டிஃபாகர் வேலை செய்யவில்லை: கோட்டை ஒட்டுவதா, வயரைத் தேடுவதா, கண்ணாடியையே மாற்றுவதா?

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பின்கண்ணாடி டிஃபாகர், அதாவது கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகளை மின்சாரத்தால் சூடாக்கி ஆவியைக் கலைக்கும் அமைப்பு, கெட்டுப்போனது தெரியவருவது எப்போதும் ஈரமான காலையில்தான். வெயில் காலம் முழுக்க அந்த சுவிட்சை யாரும் தொடுவதில்லை. முதல் மழையில் சுவிட்சைப் போடுகிறோம், சிவப்பு விளக்கும் எரிகிறது, பத்து நிமிடம் ஆகியும் கண்ணாடியில் ஆவி அப்படியே நிற்கிறது. இந்த மாதிரி கார்களில் பின்கண்ணாடி சின்னதாகவோ படுத்த வாக்கில் சாய்ந்தோ இருக்கும், பக்கத் தூண்களும் அகலம். காய்ந்த நாளிலேயே பின்னால் பார்ப்பது பாடு. அதில் மூட்டமும் சேர்ந்தால் ஊகத்தில்தான் ஓட்ட வேண்டும்.

இந்த நிலையில் கைவசம் இருக்கும் வழிகள் நாலைந்து. வெள்ளித்தூள் கலந்த, மின்சாரம் கடத்தும் பூச்சு சின்னக் குப்பியில் கிடைக்கிறது. அதை வாங்கி அறுந்த கோடுகளை இணைக்கலாம். கண்ணாடியில் வயர் மாட்டும் உலோக முனையான டெர்மினல் கழன்று வந்திருந்தால் அதைத் திரும்பப் பதிக்கலாம். ஃபியூஸ், ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), வயர், எர்த் (மின்சாரம் காரின் உலோக உடல் வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பு) என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போகலாம். கண்ணாடியையே மாற்றலாம். ஸ்டிக்கர் மாதிரி வரும் புது ஹீட்டர் கோடுகளை ஒட்டலாம். இதெல்லாம் வேண்டாம், துணியால் துடைத்துக்கொள்கிறேன் என்றும் விட்டுவிடலாம்.

பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது அந்தக் குப்பியில்தான். காரணம் எளிது. கோடு கண்ணுக்குத் தெரிகிறது, வயர் தெரிவதில்லை. கண்ணாடியில் ஒரு கீறலைப் பார்த்ததும் குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று தோன்றிவிடுகிறது.

நானும் அதையேதான் செய்தேன். என்னுடையது இரண்டு கதவு ஹேட்ச்பேக். பின்னால் எதையோ ஏற்றி இறக்கியதில் மூன்று கோடுகளில் கீறல் விழுந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, டேப் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்றையும் பூசி முடித்தேன். அடுத்த மழையில் சுவிட்சைப் போட்டால் முன்பு இருந்த அதே மூட்டம், அதே இடத்தில். கடைசியில் ஹேட்ச் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தபோது, எர்த் வயர் மாட்டியிருந்த போல்ட் துருவில் ஊறிக் கிடந்தது. சுரண்டி, புது போல்ட் போட்டதும் கண்ணாடி தெளிந்தது. பூசிய கோடுகளில் ஒன்று உயிர் பெற்றிருந்தது, இரண்டு இல்லை. அந்த இரண்டும் இல்லாதது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. ஏன் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது.

ஒரு சின்னக் கணக்கு

டிஃபாகர் கோடுகள் வெள்ளித்தூளும் கண்ணாடித்தூளும் கலந்த பசையைக் கண்ணாடியின் உட்பக்கத்தில் அச்சிட்டு, அதிலேயே சுட்டு உருவாக்கப்பட்டவை. இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஓர் அகலமான பட்டை இருக்கும். ஒன்றுக்கு பாசிட்டிவ் வருகிறது, மற்றது எர்த்துக்குப் போகிறது. நடுவில் உள்ள கோடுகள் ஏணிப்படி போல இரண்டையும் இணைக்கின்றன. ஒரு படி உடைந்தால் மற்றப் படிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒவ்வொரு கோடும் தனித்தனியாக 12 வோல்ட்டைப் பெறுகிறது.

ஒரு கண்ணாடியில் 12 கோடுகள், எல்லாம் சேர்ந்து 15 ஆம்ப் இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தடை 0.8 ஓம், வெப்பம் 180 வாட். பெரும்பாலான கார்களில் டிஃபாகர் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். இப்போது இரண்டு கோடுகள் அறுந்துவிட்டன. மிச்சம் 10 கோடு, 150 வாட். கண்ணாடியில் இரண்டு மெல்லிய மூட்டப் பட்டைகள் நிற்கும், அவ்வளவுதான். அவற்றின் விளிம்புகளையும் பக்கத்துக் கோடுகளின் சூடு மெதுவாகக் கலைத்துவிடும்.

அதே கண்ணாடியில் எல்லாக் கோடும் நன்றாக இருக்கிறது, ஆனால் எர்த் போல்ட்டில் துரு பிடித்து 0.4 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 1.2 ஓம். மின்னோட்டம் 10 ஆம்பாகக் குறைகிறது. கண்ணாடிக்குக் கிடைப்பது 8 வோல்ட்தான்; வெப்பம் 80 வாட். பாதிக்கும் கீழே. மீதி 4 வோல்ட், 40 வாட், அந்தத் துருப்பிடித்த போல்ட்டில் சூடாகிக்கொண்டிருக்கிறது. 40 வாட் என்பது ஒரு சாதாரண சாலிடரிங் அயர்னின் சூடு. பழைய கார்களில் டிஃபாகர் கனெக்டரின் பிளாஸ்டிக் உருகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அது எப்படி உருகியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அரை ஓம் கூட இல்லாத ஒரு துரு, இரண்டு அறுந்த கோடுகளைவிடப் பல மடங்கு கெடுதல் செய்கிறது. அதனால்தான் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு முன்னால், மின்சாரம் எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்கிறேன். அதற்குச் செலவு ஒரு மல்டிமீட்டரும் ஒரு மணி நேரமும்.

எங்கே தடுக்கி நிற்கிறது

முதலில் காசே ஆகாத ஒரு சோதனை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் டேஷ்போர்டிலேயே வோல்ட் மீட்டர் முள் இருக்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது டிஃபாகர் சுவிட்சைப் போடுங்கள். முள் கொஞ்சம் இறங்கி, எஞ்சின் சத்தமும் லேசாகத் தாழ்ந்தால் மின்னோட்டம் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். முள் அசையவே இல்லை என்றால் சுற்று எங்கோ முழுசாக அறுந்திருக்கிறது. கோடுகளைத் தேட வேண்டியதில்லை. பன்னிரண்டு கோடும் ஒரே நாளில் அறுந்துபோகாது. சுவிட்சில் எரியும் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். பல கார்களில் அது சுவிட்சும் ரிலேயும் சம்மதித்ததைத்தான் சொல்கிறது, கண்ணாடிக்கு மின்சாரம் போனதை அல்ல.

ஃபியூஸைப் பார்க்கும்போது அது அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. பழைய ஐரோப்பிய கார்களில் தோட்டா வடிவ ஃபியூஸ் இருக்கும். இரண்டு முனையையும் பித்தளை நாக்குகள் வெறுமனே அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் அங்கே பச்சை படிந்து, ஃபியூஸ் நன்றாகவே இருந்தும் மின்சாரம் பாதிதான் போகும். கழற்றி, தேய்த்து, நாக்குகளைக் கொஞ்சம் உள்ளே வளைத்து மாட்டினாலே சில கார்களில் பிரச்சினை முடிந்துவிடுகிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது மட்டும் வேண்டாம். அந்த வயர் அந்த அளவுக்குப் போட்டதல்ல.

அடுத்து கண்ணாடி. எஞ்சின் ஓட வேண்டும், டிஃபாகர் போட்டிருக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைக் காரின் உலோக உடலில் நன்றாகச் சுரண்டிய ஓர் இடத்தில் பிடியுங்கள். சிவப்பு முனையில் ஒரு துண்டு அலுமினியத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். கூர்முனை நேரடியாகப் பட்டால் நல்ல கோட்டையும் நீங்களே கீறிவிடுவீர்கள். பாசிட்டிவ் பக்கப் பட்டையில் வைத்தால் 12 வோல்ட்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ காட்ட வேண்டும். எர்த் பக்கப் பட்டையில் கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கே 3, 4 வோல்ட் நின்றால் கோட்டை மறந்துவிடுங்கள், எர்த்தைத் தேடுங்கள். பாசிட்டிவ் பக்கத்திலேயே 8, 9 தான் வருகிறது என்றால் குறை அதற்கும் முன்னால், வயரிலோ ரிலேயிலோ சுவிட்சிலோ இருக்கிறது.

இந்தச் சோதனையைக் கனெக்டர் மாட்டியபடியே செய்ய வேண்டும். கழற்றி வைத்து வயர் முனையை மட்டும் அளந்தால் துருப்பிடித்த இணைப்பும் அழகாக 12 வோல்ட் காட்டும். சுமை இல்லாதபோது எல்லா வயரும் நல்ல வயர்தான். ஓம் அளவையும் இங்கே நம்ப முடியாது. சாதாரண மல்டிமீட்டரின் சொந்த வயருக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும்போது 0.4 ஓம் குறையை அதில் எப்படிப் பிடிப்பது?

இரண்டு பட்டையும் சரி என்றால் அப்புறம் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் நடுவில் வையுங்கள். நல்ல கோட்டில் ஏறக்குறைய 6 வோல்ட். 12 காட்டினால் அறுந்த இடம் நடுவுக்கும் எர்த்துக்கும் இடையில். பூஜ்யம் காட்டினால் நடுவுக்கும் பாசிட்டிவுக்கும் இடையில். முனையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், அளவு திடீரென்று தாவும் இடத்தில் கண்ணுக்கே தெரியாத விரிசல் இருக்கும். அந்த இடத்துக்கு நேராக வெளிப்பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு இணைப்பும் ஒரே பக்கத்தில் இருந்து, கோடுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கும் கண்ணாடிகளும் உண்டு. அங்கே நடுவில் 6 வராது, நல்ல கோட்டில் வரும் அளவோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நடுவே ஒரு விஷயம். டிஃபாகர் ரிலேயில் பெரும்பாலும் டைமர் உண்டு, பத்து, பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். ஒரு தடவை எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் செத்துவிட்டதாக நினைத்து, கால் மணி நேரம் ஹேட்சுக்குள் தலையை விட்டுத் தேடினேன். டைமர் முடிந்திருந்தது.

வயர், எர்த், கீல்

குறை வயர் பக்கம் என்று தெரிந்தால் வேறு எந்த வழியையும் யோசிக்கவே வேண்டாம். மலிவு இதுதான், நீடிப்பதும் இதுதான், கண்ணாடியில் கை வைக்கும் அபாயமும் இல்லை. தேட வேண்டிய இடங்களும் சிலதான். ஹேட்ச் கதவு உள்ள கார்களில் கீல் பக்கம் வயர் ஒரு ரப்பர் குழாய்க்குள் மடங்கி மடங்கிப் போகும். ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடியதில் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும், வெளியுறை முழுசாகவே இருக்கும். வயரைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே செம்பு இல்லை. சில ஹேட்ச்பேக்குகளில் கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்டே வயராகவும் வேலை செய்கிறது. அதை யாரோ சாதாரண ஸ்ட்ரட்டாக மாற்றிவிட்டால் டிஃபாகர் அன்றோடு நின்றுவிடும், காரணம் பல வருடம் யாருக்கும் தெரியாது. மடியும் துணிக்கூரை கார்களில் அறுவது கூரை மடியும் இடத்தில்.

மிகப் பழைய கார்களில் இன்னொரு தொல்லை உண்டு. முழு மின்னோட்டமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய் வரும். முப்பது, நாற்பது வருட சுவிட்சில் 15 ஆம்ப் என்பது அதிகம். புது சுவிட்ச் தேடி அலைவதைவிட, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு தடித்த வயரை, 4 சதுர மில்லிமீட்டர் போதும், நேராகப் பின்பக்கம் கொண்டுபோய் அங்கே ஒரு ரிலே வைத்துவிடலாம். பழைய சுவிட்ச் அந்த ரிலேயைத் தட்டிவிட்டால் போதும். பேட்டரியே டிக்கியில் இருக்கும் கார்களில், முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 போல, இது அரை நாள் வேலைகூட இல்லை.

பூச்சு எங்கே எடுபடும்

பூச்சு மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அறுந்த இடம் சில மில்லிமீட்டர்தான், கோடுகளும் இரண்டு மூன்றுதான் என்றால் அதைவிட நல்ல வழி கிடையாது. நம் 12 கோட்டுக் கண்ணாடியில் ஒரு கோட்டில் ஓடுவது 1.25 ஆம்ப் மட்டுமே. நன்றாகப் பூசிய ஒட்டு அதைச் சுலபமாகத் தாங்கும்.

கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, கோட்டின் அகலத்துக்கு மட்டும் இடம் விட்டு மேலும் கீழும் டேப் ஒட்டி, அறுந்த இடத்துக்கு இருபுறமும் அரை சென்டிமீட்டர் நல்ல கோட்டின் மேலும் ஏறுகிற மாதிரி, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை பூச வேண்டும். ஒரே தடவையில் தடியாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பிறகு ஒரு முழு நாள் சுவிட்சைத் தொடக் கூடாது. இந்தப் பொறுமைதான் பலருக்கு இருப்பதில்லை. குப்பியை நன்றாகக் குலுக்காமல் பூசுவதும் ஒரு பொதுவான தவறு. வெள்ளி அடியில் தங்கிவிடும், நீங்கள் பூசுவது வெறும் வார்னிஷ். என் இரண்டு கோடுகளும் அப்படித்தான் போயின என்று நினைக்கிறேன்.

பூச்சு எடுபடாத இடங்களும் உண்டு. விரல் நீளத்துக்கு வெள்ளியே காணாமல் போயிருந்தால் வேண்டாம். வெயிலுக்காக ஒட்டிய கறுப்புப் படலத்தைக் கண்ணாடியிலிருந்து உரித்தபோது பத்து கோடுகள் அதோடு சேர்ந்து வந்திருந்தால் அதுவும் வீண் முயற்சி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே முடி போன்ற கம்பிகள் வைத்துச் செய்த பழைய லேமினேட்டட் பின்கண்ணாடிகளும் இருக்கின்றன. அவற்றில் அறுந்தது உள்ளே இருக்கிறது, பூச்சு வெளியே நிற்கும்.

டெர்மினல்: சாலிடரா எபாக்சியா

பக்கப் பட்டையில் பதித்திருக்கும் சின்ன உலோக டெர்மினல் வயரோடு சேர்ந்து கையில் வந்துவிடுவது பழைய கண்ணாடிகளில் நடக்கிற காரியம்தான். இங்கே பலரும் அதே வெள்ளிப் பூச்சைத் தடவி ஒட்டப் பார்க்கிறார்கள். கோட்டில் ஓடுவது 1.25 ஆம்ப், டெர்மினலில், விரல் நகத்தைவிடச் சின்ன ஒரு பரப்பில், முழு 15 ஆம்பும் ஓடுகிறது. பூச்சு அதைத் தாங்காது, பிடிமானமும் கிடையாது. சூப்பர் குளூ இன்னும் மோசம், அது மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது.

உண்மையான போட்டி, ஈயத்தை உருக்கி ஒட்டும் சாலிடருக்கும் வெள்ளி கலந்த இரட்டைக் கலவைப் பசையான எபாக்சிக்கும்தான். கம்பெனியில் செய்தது சாலிடர். தடை மிகக் குறைவு, பிடிப்பும் உறுதி. ஆனால் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது ஒரே புள்ளியில் சூடு வைத்தால் டெம்பர்டு கண்ணாடி முழுசாகப் பொடிப்பொடியாகக் கொட்டிவிட வாய்ப்பு உண்டு. அதற்காகச் சின்ன அயர்னை எடுத்து நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருப்பதும் தவறு. கண்ணாடியை ஹேர் டிரையரால் பரவலாகச் சூடாக்கி, டெர்மினலில் முன்கூட்டியே ஈயம் ஏற்றி, போதிய சூடுள்ள அயர்னைச் சில விநாடி மட்டும் வைத்து எடுப்பதே சரி. சாதாரண ஈயக் கம்பி வேண்டாம். அதில் உள்ள வெள்ளீயம், பட்டையில் இருக்கும் வெள்ளியைக் கரைத்து இழுத்துக்கொள்ளும். இரண்டாவது முயற்சியில் பட்டையே இருக்காது. 62 பங்கு வெள்ளீயம், 36 பங்கு ஈயம், 2 பங்கு வெள்ளி கலந்த கம்பி கிடைக்கிறது. ஏற்கெனவே வெள்ளி இருப்பதால் அது பட்டையைத் தின்பது மிகக் குறைவு.

எபாக்சியில் கண்ணாடி உடையும் பயம் இல்லை. ஆனால் ஒரு நாள் காய வேண்டும், டெர்மினல் அசையாமல் டேப் போட்டு அழுத்தி வைக்க வேண்டும், வயர் பிறகு எப்போது இழுபட்டாலும் கழன்றுவிடலாம். அதனால் வயரை டெர்மினலுக்குப் பக்கத்திலேயே எங்காவது கட்டிவைப்பது அவசியம்.

என் தேர்வைக் கேட்டால், சாலிடரிங் கை பழகியவர், மாற்றுக் கண்ணாடி கிடைக்கிற கார் என்றால் சாலிடர். கண்ணாடி உடைந்தால் உலகத்தில் இன்னொன்று தேட வேண்டிய கார் என்றால், கை எவ்வளவு பழகியிருந்தாலும் எபாக்சி. இரண்டாம் தடவை கழன்றாலும் ஒட்டிக்கொள்ளலாம். உடைந்த கண்ணாடியை ஒட்ட முடியாது.

கண்ணாடி மாற்றுவது

ஒர்க்ஷாப்பில் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அவர்களுக்கு அது ஒரே நாளில் முடிகிற சுத்தமான வேலை. எர்த் தேடுவது மணிக்கணக்கில் கூலி எழுத முடியாத வேலை. சொல்பவர் மேல் தப்பில்லை. ஆனால் எர்த் துருப்பிடித்திருக்கும் காரில் புதுக் கண்ணாடி போட்டால் புதுக் கண்ணாடியிலும் ஆவி படியும்.

பாதிக்கு மேல் கோடுகள் போய்விட்டன, அல்லது பக்கப் பட்டையே உரிந்துவிட்டது, அல்லது கண்ணாடி வேறு காரணத்துக்காக எப்படியும் வெளியே வரப்போகிறது என்றால் மாற்றலாம். அப்போதும் கண்ணாடி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே சிரமம். ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியைப் பொறுமையாக எடுத்துவிடலாம். பழைய பீடிங் கல் மாதிரி இறுகியிருந்தால் அதை வெட்டிவிட்டுப் புதிது வாங்குவதே மேல். காப்பாற்றப் பார்த்தால் கண்ணாடி விளிம்பில் உடையும். பசையால் ஒட்டியதென்றால் கம்பி போட்டு அறுத்து எடுக்க வேண்டும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. போர்ஷ 944 போன்ற கார்களில் பெரிய ஹேட்ச் கண்ணாடி ஓர் உலோகச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். வயதானால் அந்த ஒட்டு விட்டுப்போய் தண்ணீர் ஒழுகுவது அந்த மாடலின் தெரிந்த நோய். அப்படி ஒட்டு விட்ட கண்ணாடியை மறுபடி ஒட்டக் கொடுக்கும்போதே கோடுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் ஒரே செலவில் இரண்டு வேலை முடியும்.

பழைய காரிலிருந்து எடுத்த கண்ணாடி வாங்குவதானால் கையோடு ஒரு 12 வோல்ட் பேட்டரியும் இரண்டு தடித்த வயரும் கொண்டுபோங்கள். பட்டைகளில் இணைத்து, கண்ணாடியில் வாயால் ஊதுங்கள். எந்தக் கோட்டைச் சுற்றி ஆவி முதலில் கலைகிறது, எதில் கலையவே இல்லை என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கறுப்புப் படலம் ஒட்டிய கண்ணாடியாக இருந்தால் எனக்கு வேண்டாம். படலத்தை எடுக்கும்போது கோடுகள் வருமா வராதா என்பது சீட்டாட்டம். புதிதாகச் செய்த நகல் கண்ணாடி என்றால் கோடுகள் இருக்கிறதா, டெர்மினல் எந்தப் பக்கம் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சில கார்களில் டிஃபாகர் கோடுகளே ரேடியோ ஆன்டெனாவாகவும் இருக்கும். வேறு கண்ணாடி போட்டதும் ரேடியோ கரகரத்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. கார் வெளிவந்தபோதே வந்த கண்ணாடியின் மூலையில் தயாரிப்பு முத்திரை இருக்கும். அசல் தன்மையை மதிக்கிறவர்களுக்கு அந்த முத்திரை முக்கியம். இரண்டு கோடு அறுந்ததற்காக அதைத் தூக்கிப்போடுவது எனக்கு மனம் வராத காரியம்.

ஒட்டும் கோடுகள், அல்லது ஒன்றுமே இல்லாமல்

ஸ்டிக்கராக வரும் ஹீட்டர் கோடுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தட்டையான, ஏற்கெனவே கோடு இல்லாத கண்ணாடிக்கு அவை பரவாயில்லை. வளைந்த கண்ணாடியில் சுருங்கி மேலே தூக்கிக்கொள்ளும். பழைய கோடுகள் இருக்கும் கண்ணாடியில் ஒட்ட வேண்டுமானால் முதலில் அவற்றைப் பிளேடால் சுரண்ட வேண்டும். அதற்குப் பிறகு திரும்பும் வழி இல்லை. துணிக்கூரை கார்களில் பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. எம்எக்ஸ்-5 1989-இல் வந்தபோது அப்படிப்பட்ட பிளாஸ்டிக் ஜன்னலோடுதான் வந்தது. 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் டிஃபாகரோடு கண்ணாடி வந்தது. பழைய காரில் கூரைத் துணி கிழிந்து எப்படியும் மாற்ற வேண்டி வரும்போது கண்ணாடி வைத்த கூரையாக வாங்கி, அப்போதே வயர் இழுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல யோசனை.

டிஃபாகர் இல்லாமலேயே ஓட்டுவதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்கு. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இவ்வளவு ஈரம் உள்ளே எங்கிருந்து வருகிறது? பின்விளக்கின் ரப்பர் வாஷர், ஹேட்ச் பீடிங், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், காலடிக் கம்பளத்தின் அடிப்பகுதி, எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஸ்டெப்னி பள்ளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றால் போதும், தினமும் காலையில் அது கண்ணாடிக்கு ஏறும். முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பசையான ஒரு படலமும், உள்ளே லேசான இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் ரேடியேட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. அது டிஃபாகர் விவகாரமே இல்லை.

ஒழுகலை அடைத்து, ஏசியைப் போட்டு, உள்காற்றே சுற்றும்படி வைக்காமல் வெளிக்காற்றை எடுத்து, ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கிவைத்தால் பாதி மூட்டம் வராது. ஆவி படியாமல் இருக்கத் தடவும் திரவங்கள் உதவும், ஆனால் கொஞ்ச நாளுக்கு ஒருமுறை தடவ வேண்டும். துடைக்கும்போது கோடுகளின் போக்கிலேயே, பக்கவாட்டில் துடையுங்கள். மேலும் கீழுமாக அழுத்தித் துடைத்தால் அடுத்த வருடம் பூச்சுக் குப்பி வாங்க வேண்டி வரும்.

என் காரில் அந்த இரண்டு கோடுகளும் இன்னும் செத்தபடியே இருக்கின்றன, கண்ணாடியின் அடியில். பின்கண்ணாடியில் நான் பார்க்கிற உயரத்துக்கு அவை வருவதில்லை. அடுத்ததாக நான் கழற்றப்போவது வலதுபக்கப் பின்விளக்கு. அதன் வாஷரில் விரல் வைத்தால் ஈரம் இருக்கிறது.